ஆழ்கடலைத் திறந்து வைத்த ஜாக் கூஸ்டோ

கடலைக் கரையில் நின்று கண்டவர் பலர்; கலம் ஏறிக் கடந்தவரும் பலர். அதனுள்ளே புகுந்து மீனோடு மீனாக உலவி மீண்டவர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரையில் மிகச் சிலரே. இன்று நிலைமை அவ்வாறு இல்லை.

தென்னமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டுக்கு வடக்கே, கரிபியன் கடலில், பொனேர் என்னும் சிறு தீவு உள்ளது. நெதர்லாந்து அரசுக்கு உட்பட்டது. அதன் மேற்குக் கரையோரச் சாலையில் செல்வோர் இடையிடையே மஞ்சள் வண்ணம் பூசிய கற்களைக் காணலாம். ஒவ்வொரு கல்லும் ஒரு முக்குளிப்பு இடத்தின் அடையாளம். இத்தகைய இடங்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டு உள்ளன. விடுமுறைக்கு வந்தவர்கள் வண்டியைக் கல்லருகே நிறுத்துகிறார்கள்; காற்றடைத்த உருளையை முதுகில் மாட்டிக்கொள்கிறார்கள்; கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கிவிடுகிறார்கள். படகு வேண்டியதில்லை. காற்றின் வேகம் படாத மேற்குக் கரையில் பவளப்பாறை நிலத்தை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. அங்கே ஓரிடத்துக்கு ஆயிரம் படிகள் என்று பெயர். உள்ளவை நூறு படிகள்கூட இல்லை. பளுவான உருளையைச் சுமந்து மேலேறியவர் யாரோ இட்ட பெயர் போலும்!

ஆசிரியரும் எழுத்தரும் வணிகரும் இவ்வாறு கடலுக்குள் காலாற நடந்துபோய் வர வழிவகுத்தவர்களுள் தலையாயவர் ஜாக் ஈவ் கூஸ்டோ. அவர் வாழ்வு வியப்பும் வருத்தமும் கலந்தது. அவரைப் பற்றி நம்மவரிடையே வழங்கும் செய்திகளுள் மெய்யும் உண்டு, மெய்யல்லாததும் உண்டு. ஆதலின் அவ்வாழ்வைச் சற்று விரிவாகவே காண விழைகின்றோம்.

கூஸ்டோ 1910ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், பிரான்சு நாட்டில் போர்தோ நகருக்கு அருகிலுள்ள சேன் ஆந்த்ரே தெ குப்சாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். அது கடற்கரை ஊரன்று. தந்தையார் டேனியல் சட்டம் பயின்றவர். அமெரிக்கச் செல்வர்களுக்குச் செயலாளராக இருந்து அவர்களுடன் ஊர் ஊராகச் சுற்றியவர். அதனால் சிறுவனின் இளமையும் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. குடும்பம் சிலகாலம் நியூயார்க்கில் வாழ்ந்தது. அந்நாளில் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு கோடை முகாமுக்குச் சிறுவன் அனுப்பப்பட்டான். அங்கிருந்த ஏரியின் அடியில் கிடந்த பட்ட கிளைகளை மூழ்கி எடுக்குமாறு ஆசிரியர் ஒருவர் பணித்தார். தண்டனை போல் இடப்பட்ட அப்பணியே அவருடைய முதல் முக்குளிப்புப் பாடமாயிற்று.

உடல்நலம் குன்றிய பிள்ளை. பாடத்தில் நாட்டமில்லாத மாணவன். பள்ளியின் சன்னல் கண்ணாடிகளை உடைத்ததற்காக வெளியேற்றப்பட்டதும் உண்டு. ஆயினும் எந்திரங்களிலும் திரைப்படக் கருவியிலும் அளவிறந்த ஆர்வம் இருந்தது. பதின்மூன்றாம் அகவையிலேயே தன் சேமிப்பில் படக்கருவி ஒன்று வாங்கிவிட்டார். 1930இல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் விரும்பியதோ வானம். விமானியாகப் பயின்று வந்த வேளையில், 1936இல், ஒரு கார் விபத்து அவருடைய இரு கைகளையும் முறித்துப் போட்டது. ஒரு கையை வெட்டி எடுக்க மருத்துவர் எண்ணினர், அவர் இசையவில்லை. விமானக் கனவு முடிந்தது. கைக்கு வலிமை திரும்புவதற்காகத் துலோன் துறைமுகத்தருகே நாள்தோறும் கடலில் நீந்தலானார்.

அங்கே கடற்படை நண்பர் பிலிப் தையே அவருக்கு ஒரு நீர்க்கண்ணாடியை அளித்தார். கண்ணாடியை அணிந்து தலையை நீருள் அமிழ்த்தியபோது, கலங்கிய பச்சையாகவே இதுவரை கண்ட கடல், பாறையும் பாசியும் மீனுமாகத் தெளிந்து நின்றது. தலையை உயர்த்தினால் கரையில் மனிதரும் வண்டிகளும். தாழ்த்தினால் வேறோர் உலகம். அன்று தொடங்கிய வேட்கை அவரை விடவில்லை. 1937இல் சிமோன் மெல்ஷியோர் என்னும் மங்கையை மணந்தார். தையேயும் பிரெடெரிக் டூமா என்னும் ஈட்டி வேட்டைக்காரரும் அவருடன் சேர, மூவரும் இணைபிரியா முக்குளிப்புத் தோழர் ஆயினர்.

இங்கே ஒன்று குறிப்பிட வேண்டும். மூச்சடக்கி மூழ்கும் கலை கூஸ்டோ கண்டதன்று. நம் மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தோர், கல்லைக் காலில் பற்றிக்கொண்டு இறங்கிப் பன்னூறு ஆண்டுகளாக அதனைச் செய்தவர்களே. ஆனால் அடக்கிய மூச்சின் அளவே அவர்களுக்குக் கடலில் காலம். தலைக்கவசம் பூட்டி, மேலிருந்து குழாய் வழியே காற்றனுப்பும் முறையும் இருந்தது. அதில் இறங்கியவர் கயிற்றில் கட்டிய கன்று போல ஆவார். கட்டும் இன்றி, மூச்சடக்கவும் இன்றி, விரும்பிய திசையில் திரிய வேண்டும் என்பதே கூஸ்டோவின் வேட்கை. தூய ஆக்சிஜனை மூச்சாகக் கொள்ளும் கருவியை முதலில் முயன்றார். ஆழத்தில் ஆக்சிஜனே நஞ்சாகும் என்பதை உடல் உணர்த்தியது. இருமுறை வலிப்புக் கண்டு உயிர் தப்பினார்.

உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரான்சு செர்மானியர் பிடியில் இருந்தது. பெட்ரோல் கிடைக்காமையால் கார்களை எரிவாயுவில் ஓட்ட முயன்ற காலம் அது. மாமனார் பணியாற்றிய ஏர் லிக்கிட் நிறுவனத்தின் வழியாக எமில் கான்யான் என்னும் பொறியாளரைக் கூஸ்டோ 1942இன் இறுதியில் பாரிசில் கண்டார். காருக்கு வேண்டும் அளவு வாயுவைத் தானே அளந்து விடும் அடைப்பிதழ் ஒன்றைக் கான்யான் செய்து வைத்திருந்தார். மனிதன் மூச்சிழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஒத்த அழுத்தத்தில் காற்றைத் தரவேண்டும்; இதுவே கூஸ்டோவின் தேவை. இரண்டும் ஒன்றே என்பது கான்யானுக்கு உடனே விளங்கிற்று.

1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மார்ன் ஆற்றின் குளிர்நீரில் முதல் சோதனை நடந்தது. கிடையாக நீந்தினால் கருவி நன்றாக இயங்கிற்று. நிமிர்ந்தால் காற்று வீணே பெருகி ஓடிற்று. தலைகீழானால் மூச்சுத் திணறிற்று. மனமுடைந்து திரும்பும் வழியிலேயே காரணம் புலப்பட்டது. மூச்சு வெளியேறும் வாயும் காற்று உள்வரும் இடமும் வேறுவேறு உயரத்தில் இருந்தமையால் நீரழுத்தம் வேறுபட்டது. இரண்டையும் ஒரே மட்டத்தில் அமைத்தனர். தீர்ந்தது குறை.

அவ்வாண்டு ஜூன் திங்களில், பாந்தோல் ஊருக்கு அருகே, பிறர் கண்ணில் படாத ஒரு சிறு கடற்கரையிலிருந்து கூஸ்டோ இறங்கினார். படகில்லை, கப்பலில்லை, மணலிலிருந்து தள்ளாடி நடந்தே நீரில் நுழைந்தார். பொனேர் தீவின் மஞ்சள் கல்லருகே இன்று ஒருவர் செய்வது எதுவோ, அதுவே அன்று நிகழ்ந்தது. மேலே சிமோன் நீந்தியபடியே கணவரைக் கண்காணித்தார். கரையில் டூமா உதவிக்கு அணியமாய் நின்றார். கூஸ்டோ குட்டிக்கரணம் அடித்தார், தலைகீழாக நின்றார், எந்நிலையிலும் காற்று தடையின்றி வந்தது. பாறைக்குகை ஒன்றின் கூரையில் சிங்கி இறால்கள் ஒட்டியிருக்கக் கண்டு, பறித்துக்கொண்டு போய் மனைவியிடம் கொடுத்தார். உணவுப் பஞ்சக் காலத்தில் அதுவும் ஒரு பேறே. அந்தக் கோடையில் அவர்கள் மூழ்கிய முறைகள் ஐந்நூறுக்கும் மேல். அக்வாலங் என்று பெயரிட்டு உலகெங்கும் விற்கப்பட்டது அக்கருவியே. அதன் வழிவந்தவற்றையே இன்று ஸ்கூபா என்கின்றோம். புகழ் பெரும்பாலும் கூஸ்டோவைச் சேர்ந்தது. கான்யானின் பெயரைச் சொல்வோர் குறைவு. இது நேரன்று என்பது நம் கருத்து.

கடல் தன்னை எளிதில் ஈந்துவிடவில்லை. அக்டோபரில் டூமா 62 மீட்டர் ஆழம் சென்றபோது கள்ளுண்டவர் போல மயக்கம் கொண்டார். அழுத்தப்பட்ட நைட்ரஜன் செய்யும் வேலை அது. 1946 ஆகஸ்டில் தென்பிரான்சின் வோக்ளூஸ் ஊற்றில் கூஸ்டோவும் டூமாவும் இறங்கியபோது இருவருமே இறக்க இருந்தனர். காற்றடைக்கும் பொறி தன் புகையையே உறிஞ்சி உருளைகளில் நிரப்பியிருந்தது. காப்பாற்றும் காற்றே நஞ்சாயிருந்ததைப் பின்னரே அறிந்தனர். அடுத்த ஆண்டில், குழுவைச் சேர்ந்த மோரீஸ் பார்க் 120 மீட்டர் ஆழத்தில் பலகையில் கையொப்பமிட்டார். ஆனால் உயிருடன் மேலே வரவில்லை. இன்று முக்குளிப்புப் பயிற்சியில் ஆழத்துக்கும் நேரத்துக்கும் இத்தனை கட்டுப்பாடுகள் விதிக்கப்படுவதை அலுப்பாக எண்ணும் இளைஞர் அந்தக் கையொப்பத்தை நினைத்துக்கொள்ளலாம்.

1950இல் கலிப்சோ அவர் கைக்கு வந்தது. போர்க்காலத்தில் கண்ணிவாரிக் கப்பலாகக் கட்டப்பட்டு, பின்னர் மால்டாவில் பயணிகளை ஏற்றி வந்த மரக்கலம் அது. கின்னஸ் குடும்பச் செல்வர் ஒருவர் அதனை வாங்கி, ஆண்டுக்கு ஒரு பிராங்கு என்னும் பெயரளவு வாடகைக்கு அளித்தார். சிமோன் தம் நகைகளை விற்று உதவினார் என்பர். முதற்பயணம் செங்கடலுக்கு. கப்பல் கிடைத்தது, அதனை ஓட்டப் பணம் வேண்டுமே!

இவ்விடத்தில் நம் வாசகர் பலர் அறியாத ஒரு செய்தி. 1954இல் கலிப்சோ அபுதாபிக் கடலுக்கு வந்தது. பிரித்தானிய எண்ணெய் நிறுவனத்துக்காகக் கடலடி நிலத்தை ஆராயும் பணி. முக்குளிப்போர் சுறாக்கள் திரியும் நீரில் இறங்கிச் சுத்தியலும் உளியும் கொண்டு பாறைத் துண்டுகளைப் பெயர்த்து எடுத்தனர். 1958இல் அக்கடலில் உம் ஷைப் என்னுமிடத்தில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. நம் ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றோருக்குச் சோறிட்ட வளைகுடாச் செல்வத்தின் தொடக்க வரலாற்றில் அக்கப்பலுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பின்னாளில் கடல் மாசுக்கு எதிராக முழங்கிய மனிதர், தொடக்கத்தில் எண்ணெய்ப் பணத்தால் கப்பலோட்டினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அந்தப் பயணங்களில் எடுத்த படமே 1956இல் வெளிவந்த மௌன உலகம். அதே பெயரில் 1953இல் அவர் டூமாவுடன் எழுதிய நூல் ஏற்கெனவே பல மொழிகளில் பரவியிருந்தது. இளைஞர் லூயி மாலுடன் சேர்ந்து இயக்கிய அப்படம் கான் விழாவின் தலைப்பரிசையும், பின்னர் ஆஸ்கார் விருதையும் பெற்றது. மக்கள் வண்ணத்தில் பவளக்காட்டைக் கண்டனர். இந்தியப் பெருங்கடலில், சீசெல்சு நாட்டைச் சேர்ந்த அசம்ப்ஷன் என்னும் தீவில் குழுவினர் பல நாள் தங்கினர். அங்கு ஒரு பெருங்களவா மீன் அவர்களுடன் நாய்க்குட்டி போலப் பழகிற்று. ஜோஜோ என்று பெயரிட்டனர். படப்பிடிப்புக்கு இடையூறாக ஓயாமல் வந்து நின்றமையால் அதனைக் கூண்டில் அடைக்க வேண்டியதாயிற்று.

அதே படத்தில் வேறு காட்சிகளும் உள்ளன. பவளப்பாறையில் எத்தனை வகை மீன் உண்டு என்று எண்ணுவதற்காக வெடி வைக்கிறார்கள். செத்த மீன்கள் வெண்ணிற வயிறு தெரிய மிதக்கின்றன. ஊதிப் பருத்த பேத்தை மீன் துடித்துச் சாகிறது. கப்பலின் விசிறியில் அடிபட்ட இளந்திமிங்கிலம் ஒன்றைச் சுறாக்கள் சூழ்ந்து தின்கின்றன. வெகுண்ட மாலுமிகள் அச்சுறாக்களைத் தூண்டிலிட்டு இழுத்துக் கோடரியால் வெட்டுகின்றனர். ஆமை முதுகில் ஏறிச் சவாரி செய்கின்றனர். அன்றைய அரங்குகள் இதனைக் கண்டு கைதட்டின. இன்று பார்ப்பவர்க்கு உள்ளம் கூசும். ஒரு மீனைப் பெயரிட்டு வளர்த்த கையே ஆயிரம் மீனை வெடிவைத்துக் கொன்றது. இரண்டும் ஒரே படத்தில் இருக்கின்றன. கூஸ்டோவை அறிய விரும்புவோர் இவ்விரண்டையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

அவர் மாறினார். ஒரே நாளில் மாறவில்லை. இளமையில் ஈட்டி ஏந்தி மீன் வேட்டையாடிய அதே மத்தியதரைக் கரையில் ஆண்டுதோறும் மீன் குறைவதையும், பாசி படர்வதையும், கழிவு மிதப்பதையும் அவர் கண்களே கண்டன. 1957இல் மொனாகோ கடலாய்வுக் காட்சியகத்தின் இயக்குநர் ஆனார். 1988 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1960இல், பிரான்சின் தென்கரைக்கும் கோர்சிகாத் தீவுக்கும் இடையே அணுக்கழிவைக் கடலில் கொட்டப் பிரெஞ்சு அணுவாற்றல் துறை திட்டமிட்டபோது வெளிப்படையாக எதிர்த்தார். எதிர்ப்புப் பெருகவே அத்திட்டம் கைவிடப்பட்டது. 1962 முதல் 1965 வரை மனிதர் கடலடியிலேயே வீடு கட்டி வாழலாம் என்னும் சோதனைகளை நடத்தினார். அவற்றுள் சூடான் நாட்டுச் செங்கடலில், 1963இல், ஐவர் ஒரு மாதம் பத்து மீட்டர் ஆழத்தில் வாழ்ந்தது புகழ்பெற்றது. அக்கனவு பின்னர் அவராலேயே கைவிடப்பட்டது. கடலை மனிதன் குடியேறும் நாடாகக் கருதிய காலம் போய், காக்க வேண்டிய உயிராகக் கருதும் காலம் வந்தது.

1968 முதல் தொலைக்காட்சித் தொடர்கள் அவரைச் சிவப்புத் தொப்பியுடன் இல்லந்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1973இல் கூஸ்டோ சங்கம் தோன்றிற்று. தென்துருவக் கண்டத்தில் சுரங்கம் தோண்ட வழிசெய்யும் உடன்பாட்டை நாடுகள் 1988இல் வகுத்தபோது, எண்பதை நெருங்கிய அம்முதியவர் அதற்கெதிராகக் கையொப்பம் திரட்டினார், தலைவர்களைச் சந்தித்தார், 1990இல் கண்டத்துக்கு ஒருவராக ஆறு சிறாரை அழைத்துக்கொண்டு அப்பனிநிலம் சென்றார். 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தான ஒப்பந்தம் அங்கே சுரங்கத் தொழிலைத் தடைசெய்தது.

வீட்டிலோ துயரம் சூழ்ந்தது. 1979 ஜூனில் இளைய மகன் பிலிப், லிஸ்பன் அருகே தேகு ஆற்றில் நீர்விமானம் நொறுங்கி இறந்தார். தந்தையின் வாரிசு என்று கருதப்பட்டவர் அவரே. கலிப்சோவில் மாலுமிகளுக்குத் தாயாக விளங்கிய சிமோன் 1990இல் மறைந்தார். மறு ஆண்டே கூஸ்டோ பிரான்சின் என்பவரை மணந்தார். அவர்வழி இரு மக்கள் முன்னரே பிறந்திருந்தனர் என்பது அப்போதுதான் உலகறிந்தது. மூத்த மகன் ஜான் மிஷேல் தந்தையுடன் ஒட்டவில்லை. பீஜித் தீவில் முக்குளிப்போர் தங்கும் விடுதி ஒன்றுக்கு மகன் தம் குடும்பப் பெயரைச் சூட்டினார். அப்பெயரைத் தனியே பயன்படுத்தலாகாது என்று தந்தை வழக்குத் தொடர்ந்தார். இறுதியில் மகனின் முழுப்பெயருடன் வழங்கலாம் என்று முடிந்தது. பாந்தோல் கரையில் தொடங்கியது, ஒரு வெப்பத்தீவின் விடுதிப் பெயருக்காகத் தந்தையும் மகனும் வழக்காடும் அளவுக்கு வணிகமாய் வளர்ந்துவிட்டது.

1996 ஜனவரியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு தெப்பக்கலம் மோதிக் கலிப்சோ மூழ்கிற்று. பின்னர் தூக்கி நிறுத்தப்பட்டது. மீண்டும் பயணம் செய்யவில்லை. 1997 ஜூன் 25ஆம் நாள் கூஸ்டோ பாரிசில் காலமானார். அப்போது அகவை 87.

இனி, நாம் முதலில் சுட்டிய செய்திக்கு வருவோம். கூஸ்டோ இசுலாத்தைத் தழுவினார் என்று நம் மேடைகளில் கேட்டிருக்கின்றோம், துண்டறிக்கைகளில் படித்திருக்கின்றோம், மாணவப் பருவத்தில் மகிழ்ந்து பிறர்க்கும் சொல்லியிருக்கின்றோம். ஜிப்ரால்டர் நீரிணையில் மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக் பெருங்கடலும் தத்தம் இயல்பு மாறாதிருப்பதைக் கண்டார் என்றும், இரு கடல்களுக்கிடையே உள்ள திரையைப் பற்றிய திருமறை வசனங்களை அறிந்து கலிமா மொழிந்தார் என்றும் அச்செய்தி கூறும். அது மெய்யன்று. அவர் உயிரோடிருந்தபோதே அவருடைய நிறுவனம் அதனை எழுத்தில் மறுத்தது. அவ்விரு நீரும் உப்பின் அளவில் வேறுபட்டவை, மேலே அட்லாண்டிக் நீர் உட்புக, அடியில் மத்தியதரை நீர் வெளியேறுகிறது என்பதும் கூஸ்டோ பிறக்கும் முன்பே கடலறிஞர் அறிந்திருந்ததே. அவர் புதிதாகக் கண்டதன்று.

இதனை எழுதும்போது சில பெரியவர்களின் முகம் வாடக்கூடும் என்பதை உணர்கின்றோம். ஆயினும் இறைமறைக்கு ஒரு பிரெஞ்சுக் கடலோடியின் சான்று எதற்கு? வந்த செய்தியை விசாரித்துத் தெளிந்துகொள்ளுமாறு அம்மறையே பணிக்கிறது. மாணவர் ஒருவர் இச்செய்தியை மேடையில் சொல்லி, அவையில் ஒருவர் எழுந்து மறுத்தால், நாணுவது அம்மாணவர் மட்டுமல்லர். ஒரு மனிதரை நம்மவர் என்று கொண்டாடினால்தான் அவரிடம் கற்க முடியும் என்பதுமில்லை. ஜூன் 30ஆம் நாள் பாரிசின் நோத்ருதாம் தேவாலயத்தில் அவருக்குக் கத்தோலிக்க முறைப்படி இறுதி வழிபாடு நடந்தது. பிறந்த ஊரிலேயே, குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

பொனேர் தீவார் கடலாமைகளுக்கு 1961இலேயே காப்பளித்தனர். ஈட்டி வேட்டையை 1971இல் தடை செய்தனர். 1979இல் தீவைச் சுற்றி 60 மீட்டர் ஆழம் வரையுள்ள கடலைக் காப்பகமாக்கினர். அங்கே முக்குளிப்போர் கையுறை அணியவும் அனுமதியில்லை. கையுறை இருந்தால் பவளத்தைத் தொட மனம் வருமாம். கரிபியன் கடலிலேயே குவாதலூப் என்னும் பிரெஞ்சுத் தீவு ஒன்று உள்ளது. அதன் மலந்தூர்க் கடற்கரைக்கு எதிரேயுள்ள சிறு தீவுகளின் அருகே, நீருக்கடியில், கூஸ்டோவின் மார்பளவுச் சிலை வைக்கப்பட்டிருக்கிறது. மீன்கள் அதனைச் சுற்றி வருகின்றன.